ஒன்பது துளைகள்

நாலரை பவுண்டு. எங்கள் சுடுகளத்தில் போட்டிக்கு வரும் எந்தத் துப்பாக்கியிலும் விரலால் இழுக்கும் விசை அதைவிட லேசாக இருக்கக் கூடாது. சரிபார்ப்பதற்கு ஓர் இரும்புக்கட்டி இருக்கிறது, அதன் தலையில் நீளமான கம்பிக்கொக்கி. காலித் துப்பாக்கியை வானம் பார்க்க நிறுத்தி, கொக்கியை விசையில் மாட்டி, துப்பாக்கியை மெல்ல மேலே தூக்க வேண்டும். கட்டி தரையைவிட்டு எழுந்துவிட்டால் துப்பாக்கி தேறியது. எழுவதற்கு முன்பே உள்ளே 'டிக்' என்று சுத்தியல் விழுந்துவிட்டால், கொண்டுவந்தவர் காபி குடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

பத்தொன்பது வருடங்களாக அந்தக் கட்டியைக் கையில் வைத்திருந்த பெண்மணி லவோன் ஸ்கார்.

வடக்கு டகோட்டாவில் எங்கள் ஊரில் மொத்தம் நானூறு பேர். அதில் லவோனிடம் எதையாவது நிறுத்துக்கொள்ளாதவர்கள் கைக்குழந்தைகள் மட்டும்தான். கூட்டுறவுத் தானியக் கிடங்கின் எடைமேடையில் முப்பத்திரண்டு வருட வேலை. அறுவடை லாரி வரும், நிற்கும், ஜன்னலுக்குள்ளிருந்து லவோனின் கை மட்டும் வெளியே வந்து சீட்டை நீட்டும். வாரம் ஐந்து நாள் லாரி, சனிக்கிழமை விசை. வயது ஐம்பத்தெட்டு. பேச்சு குறைவு. எதிர்த்துப் பேசியவர்கள் அதைவிடக் குறைவு.

சுடுகளத்தை ஆரம்பித்ததே மெர்ல் கிட்டில்சன்தான். அவருடைய துப்பாக்கியையே ஒருமுறை லவோன் திருப்பி அனுப்பினார்.

"கால் அவுன்ஸ்தானே லவோன், அதுக்குப் போய்..."

"கால் அவுன்ஸ் கொறச்சு உன் கோதுமைய நிறுத்தேன்னா சும்மா இருப்பியா?"

"இருப்பேன்."

"அப்ப நீ விவசாயியே இல்ல. போ, போய் சரி பண்ணிட்டு வா."

மெர்ல் எழுபது மைல் போய்வர வேண்டியிருந்தது. போனார். திரும்பி வருவதற்குள் முதல் சுற்று முடிந்திருந்தது. அதற்குப் பிறகு கால் அவுன்ஸ் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

இந்தக் கதையில் கட்டி பொய் சொல்லவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லவோனும் கட்டியை ஏமாற்றவில்லை. அவருடைய துப்பாக்கி ஒவ்வொரு சனிக்கிழமையும் நாலரை பவுண்டைத் தூக்கியது.

2017 இலையுதிர்காலத்தில் வலக்கைச் சுட்டுவிரலின் நடு மூட்டு வீங்கத் தொடங்கியது. துப்பாக்கி, கம்பெனியிலிருந்து வந்தபடியே இருந்த ஏ.ஆர். வகை, ஒன்று வெடித்ததும் அடுத்த குண்டைத் தானே உள்ளே ஏற்றிக்கொள்வது. இங்கே பாதிப் பேரிடம் இருப்பது. அதன் விசை ஏழு பவுண்டு கனம். இழுக்கும்போது பல்லிடையே மணல் கடிபட்டதுபோல் நறநறக்கும். இளம் விரலுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. லவோனுக்குப் பத்தாவது குண்டு வரும்போது கண்ணில் நீர் வந்தது. அந்த வருடம் மாநில அணியின் ஆறு பேரில் ஒருவராக வரும் வாய்ப்பை இரண்டு புள்ளியில் இழந்தார். முப்பது வருடத்தில் அவ்வளவு நெருக்கத்தில் வந்தது அதுதான் முதல்முறை. அடுத்த வருடத்தையும் விட்டால் அதற்குப் பிறகு விரல் விடாது என்று அவருக்குத் தெரியும்.

ஜனவரியில், மைனாட் நகரத் துப்பாக்கிச் சந்தையில், ஓய்வுபெற்ற போட்டியாளர் ஒருவரிடமிருந்து ஒரு பழைய போட்டி விசை வாங்கினார். மாத்திரை டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்து, உருளைக்கிழங்குக் கேசரோல் அடுப்பில் இருக்கும்போதே, சமையலறை மேஜையில் பழைய துண்டை விரித்துத் துப்பாக்கியைப் பிரித்துவிட்டார்.

கணவர் எல்ராய் காபிக் கோப்பையோடு எதிரே உட்கார்ந்தார். எல்ராய் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். சுடுவதில் ஆர்வமில்லை, மனைவிக்காகச் சுடுகளத்தில் இலக்குகளை ஏற்றி இறக்கும் குழிக்குள் வேலை செய்கிறவர்.

"கடையில குடுத்தா செஞ்சு தரமாட்டானா?"

"ரெண்டு ஊசி, ரெண்டு வில்லு. இதுக்குக் கடையா?"

அப்போதுதான் ஒரு சுருள்வில் கையிலிருந்து தெறித்துக் குளிர்ப்பெட்டியின் பின்னால் போனது. எல்ராய் டார்ச்சோடு தரையில் படுத்தார்.

"ரெண்டு வில்லுன்னியே, இப்ப ஒண்ணுதான். எளிதாயிடுச்சு."

"தேடுடா மனுஷா."

"தேடறேன். மூணு நாய் பிஸ்கட் இருக்கு. நாய் செத்து நாலு வருஷம். இந்தா, உன் வில்லு."

மதியச் சாப்பாட்டுக்குள் வேலை முடிந்தது. எல்லோரும் செய்கிற சோதனையை லவோன் செய்தார்: குண்டில்லாமல் விசையை இழுத்து, இழுத்த விரலை எடுக்காமலே, குண்டறையைத் திறந்து மூடும் தாழைக் கையால் மெல்லப் பின்னுக்கு இழுத்து விட்டு, பிறகு விரலைத் தளர்த்தினார். 'கிளிக்.' மறுபடி இழுத்தார். 'டிக்.' சரியாக இருந்தது. இரும்புக்கட்டியை மாட்டினார். கட்டி எழுந்தது. இழுப்பில் நறநறப்பே இல்லை.

"வெண்ணெய் மாதிரி இருக்கு" என்றார் லவோன். அவரிடமிருந்து அந்த அளவு பாராட்டைப் பெற்றது, கல்யாணமாகி முப்பத்தைந்து வருடத்தில், அந்த விசைதான் என்று எல்ராய் பின்னால் எங்களிடம் சொன்னார்.

புது விசைக்கு விரலைப் பழக்க வேண்டும். எங்கள் வழக்கம், அறுநூறு கஜத்தில் படுத்துக்கொண்டு நிதானமாகச் சுடுவது. அந்தச் சுற்றில் குண்டுகளை அடுக்கிப் போடுவதில்லை. ஒன்றைக் கையால் வைத்து, சுட்டு, பார்த்து, குறித்துக்கொண்டு, அடுத்ததை வைப்போம். பிப்ரவரி முதல் ஏப்ரல் கடைசிவரை, பனி உறைந்த களத்தில், லவோன் அப்படித்தான் எழுநூறு குண்டுகள் சுட்டார். ஒரு குறையும் தெரியவில்லை. மதிப்பெண் ஏறிக்கொண்டே போனது.

மே மாதம் வேகச்சுற்றுப் பயிற்சி தொடங்கியது. அறுபது வினாடியில் பத்து குண்டு. போட்டியில் அதற்கொரு பழைய முறை உண்டு: முதல் மேகசினில் இரண்டு குண்டு, அதைச் சுட்டு முடித்துக் கழற்றி, எட்டு போட்ட அடுத்ததை மாட்டிச் சுட வேண்டும். ஆனால் புதன்கிழமை மாலைப் பயிற்சியில் யாருக்கும் அந்தப் பொறுமை கிடையாது. பத்தையும் ஒன்றிலேயே அடைத்துவிடுவோம். பத்து வருடமாக அப்படித்தான்.

முதல் புதன்கிழமை, குழிக்குள் எல்ராய் லவோனின் இலக்கை இறக்கிப் பார்த்தார். தட்டு அகலத்துக்குள் நெருக்கமாக ஒன்பது துளைகள். பத்தாவது எங்குமே இல்லை. இலக்கு ஆறடிக்கு ஆறடி. தட்டு அகலத்தில் சுடுகிறவர் ஆறடிக் காகிதத்தையே தவறவிடுவது என்பது, தினம் ஓட்டும் வண்டியைத் தன் வீட்டு வாசலுக்குப் பதில் பக்கத்து ஊரில் கொண்டுபோய் நிறுத்துவது மாதிரி.

வீட்டுக்குப் போகும் வழியில் வண்டியில் எல்ராய் சொன்னார்:

"ஒண்ணு ரொம்ப மேல போச்சு. சத்தம் வேற மாதிரி இருந்துச்சு."

"பக்கத்துல சுட்டவனோடதா இருக்கும்."

"அவன் இலக்குல பத்தும் இருக்கே."

"சரி, கண்ணாடி மாத்தணும்போல."

ஜூனிலும் ஒன்பது துளைகள். ஜூலையில் ஒருமுறை. ஒவ்வொரு முறையும் ஒன்பதும் அதே தட்டுக்குள். காணாமல் போனது எப்போதும் ஒன்றே. ஜூலையில் மைனாட்டுக்குப் போய்க் கண் பரிசோதித்துக்கொண்டார். மருத்துவர் கண்ணாடியை மாற்ற வேண்டாம், பார்வை நன்றாக இருக்கிறது என்றார். அதை லவோன் யாரிடமும் சொல்லவில்லை. எல்ராய் கேட்டபோது, "பாத்தாச்சு" என்று மட்டும் சொன்னார்.

சுடுகளம் வடக்கு நோக்கியது. இலக்குகளுக்குப் பின்னால் இருபதடி உயர மண்மேடு. அதற்கும் பின்னால் ஒன்றேகால் மைலுக்குப் புல் மட்டுமே வளர்ந்த தரிசு. இருபது வருடமாக அங்கே மான் தவிர யாரும் நடமாடியதில்லை. மேட்டைத் தாண்டி ஏதாவது போனாலும் போய்விழ இடம் இருந்தது. இந்த வருடம் அந்தத் தரிசை டாரல் ஓப்தால் குத்தகைக்கு எடுத்துக் கோதுமை விதைத்திருந்தார். எங்கள் எல்லோருக்கும் அது தெரியும். டிராக்டர் ஓடும் சத்தம் கேட்கும். மேடு இருக்கிறதே என்று இருந்துவிட்டோம்.

ஆகஸ்ட் பதினாறு, வியாழக்கிழமை காலை, டாரலின் லாரி எடைமேடையில் ஏறியது. அறுவடையின் நான்காம் நாள். முகமெல்லாம் தூசி. மாதிரி எடுக்கும் குழாய் லாரியின் கோதுமைக்குள் இறங்கி உறிஞ்சிக்கொண்டு வந்து, லவோனுக்கு முன்னால் இருந்த தட்டில் கொட்டியது. ஈரம் பார்க்க, உமி பார்க்க, தட்டை ஆட்டினார். கோதுமைக்கு நடுவில் ஒன்று மின்னியது.

விரல்நுனி அளவு. செம்பு நிறம். நசுங்கவில்லை. மென்மையான எதிலோ போய் விழுந்தது போல முனை அப்படியே இருந்தது. பக்கவாட்டில் துப்பாக்கிக் குழலின் சுருள் கோடுகள்.

"என்ன, கல்லா?" ஜன்னல் வழியாக டாரல் கழுத்தை நீட்டினார். "எங்கிட்ட கல்லு வராதே. காசக் கழிச்சுடாதே, தாயே."

லவோன் கையை மூடிக்கொண்டார்.

"கல்லுதான். சின்னது."

"ஒரு கல்லுக்காக உன் மூஞ்சி ஏன் இப்படிப் போச்சு?"

"தூக்கம் இல்ல. இது எப்ப அறுத்தது?"

"நேத்து சாயங்காலம். அந்தத் தரிசுப் பக்கம் கடைசித் துண்டு. லாரி ரொம்பிடுச்சு, நானே மேல ஏறி மம்புட்டியால சமன் பண்ணினேன். முதுகு போச்சு. இதுல வண்டு வேற. காதுகிட்ட விர்ருனு போகுது, ஆளையே காணோம்."

லவோன் சீட்டை நீட்டினார். லாரி இறங்கிப் போனது.

கிடங்கில் மாதிரிகளை நிறுக்கும் சின்னத் தராசு ஒன்று இருக்கிறது. அடுத்த லாரி வருவதற்குள் லவோன் அந்தச் செம்புத்துண்டை அதில் வைத்தார். எங்கள் நாட்டில் துப்பாக்கிக் குண்டை இன்றைக்கும் தானியமணிக் கணக்கில்தான் நிறுக்கிறார்கள். எழுபத்தேழு மணி காட்டியது. லவோன் தானே செய்துகொள்ளும் குண்டின் எடை எழுபத்தேழு. சங்கத்தில் பாதிப் பேர் அதே எடைதான் சுடுகிறார்கள். ஆனால் முந்தின நாள், புதன்கிழமை மாலை, சுட்டவர்கள் ஆறு பேர். ஆறு இலக்கில் ஐந்தில் எல்லாக் குண்டும் இருந்தன. ஒன்றில் மட்டும் ஒன்பது துளைகள்.

குண்டைச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானை மாட்டினார். அன்று மேலும் முப்பத்தோரு லாரிகள் நிறுத்தார். ஒன்றிலும் எடை தவறவில்லை.

எல்ராயிடம் அன்று இரவு சொல்லியிருக்கலாம். மெர்லுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். சனிக்கிழமைதான் மாநில அணிக்கான தேர்வுப் போட்டி. துப்பாக்கி தானாக இரண்டாவது குண்டைச் சுடுகிறதோ என்ற சந்தேகம் எழுந்தாலே அதைக் களத்துக்குள் கொண்டுவரக் கூடாது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு அந்த விதியைப் படித்துக் காட்டுகிறவரே லவோன்தான்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் தனியாகச் சுடுகளத்துக்குப் போனார். வெயில் இன்னும் இருந்தது. முதலில் வண்டியின் மேலேறி வடக்கே பார்த்தார். டாரலின் அறுவடை இயந்திரம் அன்று வேறு வயலில் இருந்தது. நிச்சயமாகத் தெரிந்துகொள்ள ஒரே ஒரு வழி: மேட்டின் அடிவாரத்தைக் குறிவைத்து, இரண்டு குண்டு மட்டும் போட்டு, ஒருமுறை இழுப்பது. ஒன்று மிச்சமிருந்தால் விசை நல்லது.

இரண்டு போட்டார். இழுத்தார். ஒரு சத்தம். ஒன்று மிச்சம்.

மறுபடி. மறுபடி. இருபது முறை செய்தார். இருபது முறையும் ஒன்று மிச்சம் இருந்தது. பிறகு இரும்புக்கட்டியை எடுத்து மாட்டினார். எழுந்தது.

அப்போது அவருக்கு வந்தது நிம்மதி. அதைத் தான் மறைக்கப் போவதில்லை என்று பின்னால் லவோனே சொன்னார். "இருவது தடவ சரியா வந்துச்சு. போதும்னு நெனச்சேன். போதும்னு நெனைக்கணும்னு ஆசையா இருந்துச்சு." வீட்டுக்கு வந்து சாப்பிட்டார். தூங்கவும் செய்தார்.

சனிக்கிழமை இருபத்திரண்டு பேர் வந்திருந்தார்கள். இரண்டு பேரின் விசை தேறவில்லை. அதில் ஒருவர் பிஸ்மார்க்கிலிருந்து இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டி வந்தவர்.

"அம்மா, கொஞ்சம் பாத்துச் செய்யுங்களேன். அவ்ளோ தூரத்துலேந்து வரேன்."

"துப்பாக்கிக்குத் தூரம் தெரியாது. அங்க காபி இருக்கு, எலுமிச்சைக் கேக் இருக்கு. சாப்பிட்டுட்டுப் போ."

தன் துப்பாக்கியை அவர் மெர்லிடம் நீட்டினார். மெர்ல் சிரித்துக்கொண்டே கட்டியை மாட்டித் தூக்கினார். "உன்னோடத நான் பாக்கறது, பாதிரியாரையே நான் பாவமன்னிப்பு கேக்கச் சொல்ற மாதிரி இருக்கு" என்றார். தேறியது.

நின்று சுடும் நிதானச்சுற்றில் லவோன் இரண்டாவதாக இருந்தார். அடுத்தது உட்கார்ந்து சுடும் வேகச்சுற்று. இது போட்டி, அதனால் இரண்டு, பிறகு எட்டு. எல்ராய் குழிக்குள் இருந்தார். வடக்கே, மேட்டுக்கு அப்பால், புழுதி ஒரு கோடாக எழுந்து நகர்ந்துகொண்டிருந்தது. டாரல் தரிசின் மிச்சப் பகுதிக்குத் திரும்பியிருந்தார். லவோன் அந்தப் புழுதியைப் பார்த்தார். அவருக்கு இரண்டு இடம் தள்ளி நின்றிருந்த நாங்கள் அதைக் கவனித்தோம்.

"இடப்பக்கம் தயார். வலப்பக்கம் தயார். எல்லாரும் தயார்." மெர்லின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது. இலக்குகள் எழுந்தன. இருபது பேரும் ஒரே நேரத்தில் தரையில் உட்கார்ந்தோம்.

லவோன் முதல் குண்டை இழுத்தார். தோளில் வழக்கத்தைவிடச் சற்று நீளமாக ஓர் உதை. அவ்வளவுதான்.

குண்டு தீர்ந்துபோனால் இந்தத் துப்பாக்கியின் தாழ் பின்னால் போய்த் தானாக நின்றுவிடும். இரண்டாவதை இழுக்க விரலை வைத்தபோது, தாழ் பின்னால் நின்றுகொண்டிருந்தது. உள்ளே ஒன்றுமில்லை. ஒருமுறை இழுத்ததற்கு இரண்டும் போய்விட்டன.

பத்து போட்டிருந்தால் தெரிந்திருக்காது. இரண்டில் மறைய இடமில்லை.

ஐம்பத்தைந்து வினாடி மிச்சமிருந்தது. சுற்றிலும் பத்தொன்பது துப்பாக்கிகள் வெடித்துக்கொண்டிருந்தன. யாரும் அவரைப் பார்க்கவில்லை. கை பழக்கத்தில் காலி மேகசினைக் கழற்றியது, எட்டு போட்டதை எடுத்தது, பாதிவரை உள்ளே செருகியது. மாட்டிச் சுட்டிருந்தால் ஒன்பது துளைகள். ஒன்பது துளைகளோடும் அன்று அவர் அணிக்குள் வந்திருப்பார். மிச்சச் சுற்றுகளுக்கு அவருடைய வழக்கமான மதிப்பெண்ணைப் போட்டுப் பிறகு கூட்டிப் பார்த்தோம்.

பாதி செருகிய மேகசினை வெளியே இழுத்துத் தரையில் வைத்தார். துப்பாக்கியை அதன் பக்கத்தில் கிடத்தினார். எழுந்து நின்று, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் விரித்தார்.

"நிறுத்து! எல்லாரும் நிறுத்து! சுடாதே!"

யார் வேண்டுமானாலும் நிறுத்தச் சொல்லலாம் என்பது விதி. சொன்னால் எல்லோரும் நிறுத்த வேண்டும். நிறுத்தினோம். கடைசியாக ஒரு துப்பாக்கி வெடித்து, பிறகு முழு அமைதி. அந்த அமைதியில், வடக்கே கேட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டிய ஒரு சத்தம் கேட்கவில்லை. புழுதிக் கோடு நகராமல் நின்றிருந்தது. அறுவடை இயந்திரம் ஓடவில்லை.

மெர்ல் ஓடிவந்தார். "என்னாச்சு? யாருக்கு அடிபட்டுச்சு?"

"என் துப்பாக்கி ரெண்டு சுட்டுடுச்சு. ஒரு இழுப்புக்கு ரெண்டு."

"இன்னிக்கா?"

"இன்னிக்கு மட்டும் இல்ல." சட்டைப்பையின் பொத்தானைக் கழற்றி, செம்புத்துண்டை மெர்லின் உள்ளங்கையில் வைத்தார். "இது டாரலோட லாரியில வந்துச்சு. வியாழக்கிழமை. கோதுமைக்குள்ள."

மெர்ல் அதைப் பார்த்தார். பிறகு வடக்கே பார்த்தார்.

"வியாழக்கிழமையா?" என்றார். "ரெண்டு நாளாச்சே, லவோன்."

லவோன் போனை எடுத்து டாரலை அழைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி அழைத்தார். பிறகு டாரலின் மனைவி கார்லாவை அழைத்தார். ஒலியைப் பெரிதாக வைத்திருந்ததால் நாங்கள் எல்லோரும் கேட்டோம்.

"கார்லா, டாரல் எங்க?"

"வயல்ல. ஏன், எடையில ஏதாவது தகராறா?"

"போன எடுக்க மாட்டேங்கறான்."

"இன்ஜின் சத்தத்துல கேட்டிருக்காது. என்னடி அவசரம்?"

"இன்ஜின் நின்னிருக்கு கார்லா. இங்கேந்து தெரியுது. நீ போய்ப் பாரு. இப்பவே போ."

அந்தப் பக்கம் கார்லா எதையோ கீழே வைக்கும் சத்தம். "லவோன், நீ எங்கேந்து பேசறே?"

"சுடுகளத்துலேந்து."

வண்டிக் கதவு மூடியது மட்டும் கேட்டது.

பதினேழு நிமிடம். குழியிலிருந்து எல்ராய் மேலே வந்து மனைவியின் பக்கத்தில் நின்றார். யாரும் காபிப் பக்கம் போகவில்லை. பிஸ்மார்க்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு லவோனின் போன் அடித்தது. டாரலின் குரல்.

"என்ன எழவு நடக்குது? மெஷின் வாயில வைக்கோல் அடைச்சிருக்குன்னு எறங்கி எடுத்திட்டிருக்கேன், இவ வந்து என்னைக் கட்டிப்புடிச்சு அழறா."

லவோன் கண்ணை மூடித் திறந்தார்.

"டாரல், நீ நல்லா இருக்கியா?"

"இருக்கேன். ஏன் இருக்கக் கூடாது?"

"அந்தக் கல்லு, வியாழக்கிழமை. அது கல்லு இல்ல. என் குண்டு. நான் உங்கிட்ட பொய் சொன்னேன். இன்னிக்கும் ஒண்ணு வந்திருக்கு, எங்க விழுந்துச்சுன்னு தெரியல. நீங்க ரெண்டு பேரும் அந்த வயலவிட்டு வெளிய வாங்க."



"நான் அந்தக் கோதுமை மேலதான் நின்னிட்டிருந்தேன், லவோன்" என்றார் டாரல். "வண்டுன்னு நெனச்சேன்." போன் நின்றது.

அன்று மாலை மெர்ல், மாவட்டக் காவல் அதிகாரியின் முன்னிலையில், துப்பாக்கியைப் பிரித்தார். விசைக்குள் ஒரு சின்னக் கொக்கி இருக்கிறது. ஒரு குண்டு வெடித்தபின், விரலை விடும்வரை சுத்தியலைப் பிடித்து வைப்பது அதன் வேலை. சந்தையில் வாங்கிய விசையில் அது தேய்ந்துபோயிருந்தது. கையால் மெல்ல இழுத்தால் பிடித்துக்கொள்ளும். வேகத்தில், சூட்டில், நூறில் ஒருமுறை நழுவும். ஒவ்வொன்றாகப் போட்டுச் சுட்டால் நழுவினாலும் தெரியாது. சுடுவதற்கு இரண்டாவது குண்டே உள்ளே இருக்காது. எழுநூறு முறை அவர் சுட்டதும் அப்படித்தான். நாலரை பவுண்டுக் கட்டிக்கு அந்தக் கொக்கியைப் பற்றி ஒன்றும் தெரியாது.

"புதன்கிழமைகள்ல நீ ஒம்போது தடவதான் இழுத்திருக்கே" என்றார் மெர்ல். "பத்துன்னு நெனச்சுக்கிட்டே. இழுத்த ஒம்போதும் இலக்குலதான் இருக்கு. நீ ஒரு தடவகூட தவறல, லவோன்."

"அதச் சொல்லாதே" என்றார் லவோன்.

ஒரு இழுப்புக்கு ஒன்றுக்கு மேல் சுடும் துப்பாக்கி சட்டத்தின் கண்ணில் வேறு வகை. அதனால் அதிகாரி ரசீது எழுதிக் கொடுத்து அதை எடுத்துப்போனார். வழக்கு உண்டா இல்லையா என்று அரசு வழக்கறிஞர் இன்னும் சொல்லவில்லை. லவோன் இரும்புக்கட்டியை மெர்லின் வண்டி இருக்கையில் வைத்துவிட்டு வந்தார்.

மே முதல் ஆகஸ்ட் வரை மேட்டைத் தாண்டிப் போனவை ஐந்து குண்டுகள். கிடைத்தது ஒன்று. டாரல் அந்த வயலில் இன்னும் நாற்பது ஏக்கர் அறுக்காமல் நிறுத்தி வைத்திருக்கிறார்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு மாவட்டக் குழு கூடுகிறது. சுடுகளத்தை மூடுவது பற்றிய தீர்மானம் நான்காவதாக வருகிறது. பேசுவதற்குப் பெயர் கொடுத்திருப்பவர்கள் இரண்டு பேர்: டாரல் ஓப்தால், லவோன் ஸ்கார். இருவரும் மூட வேண்டும் என்றே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.